சாம்பிள் அண்ணன் செய்த ஆயுதபூஜை

நாமக்கல் ஜில்லாவில் கோழியே இல்லாமல் முட்டைத் தட்டு சுமந்த ஒரே மனிதர் எங்கள் சாம்பிள் அண்ணன்தான். தட்டின் குழிகளில் முட்டைக்குப் பதில் சர்வர் பிராசஸர்கள் உட்கார்ந்திருக்கும். புதுச்சத்திரத்தில் பஸ் ஏறினால் பக்கத்து சீட்டு அம்மா, "முட்டை என்ன வெலைங்க?" என்று கேட்பார். "இது அடைக்கு வெச்சதுங்க, விக்கறதில்லீங்க" என்பார் அண்ணன், கொஞ்சமும் சிரிக்காமல்.

அவை கடையில் விற்கும் சரக்கு அல்ல. கம்பெனிக்காரர்கள் சந்தைக்கு விடுமுன் சோதித்துப் பார்க்கச் செய்யும் இன்ஜினியரிங் சாம்பிள்கள். எப்படியோ வெளியே வந்து சல்லிசாகக் கிடைக்கும். எந்த மதர்போர்டு அவற்றை ஏற்றுக்கொள்ளும் என்பது மட்டும் ஆண்டவனுக்கே வெளிச்சம்.

அண்ணன் லாரிப் பட்டறையிலிருந்து இந்தத் தொழிலுக்கு வந்தவர். எந்த இன்ஜினையும் எந்த சேஸிலும் ஏற்றிப் பழகிய கை. "சேராதுன்னு ஒண்ணு கெடையாதுங்க, நாமதான் சேர வெக்கோணும்" என்பார். சேராமலே போன போர்டுகள் அவர் வீடு முழுக்கக் கிடந்தன. அதில் ஒன்றின் மேல்தான் அவர் மனைவி குழம்புச் சட்டியை இறக்கி வைப்பார்.

என் கல்யாண வீடியோ ஸ்டுடியோவுக்கும் அண்ணன்தான் ஒரு சாம்பிளைப் போட்டு எடிட்டிங் மெஷின் கட்டிக் கொடுத்தார். முதல் தடவை ஆன் செய்தபோது ஃபேன் போட்ட சத்தத்தில், கீழே யாரோ போர்வெல் போடுகிறார்கள் என்று மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார். ஆனால் வேலை என்றால் வேலை, அப்படி ஒரு வேகம்.

அந்த வருஷம் ஆயுதபூஜை ஐப்பசியில் வந்தது. புரட்டாசி முழுக்க ஈ ஓட்டிய எனக்கு, மறுநாள் சாயங்காலம் ஒரு போர்வெல் ரிக் வண்டி முதலாளி வீட்டு ரிசப்ஷன். நிச்சயதார்த்தப் படத்தை அதற்குள் எடிட் செய்து முடித்து மண்டபத்தில் பெரிய திரையில் போட வேண்டும். சொதப்பினால் இந்த வட்டாரத்தில் ஒரு மண்டபத்திலும் என்னைக் கேமராவோடு உள்ளே விட மாட்டார்கள்.

அண்ணன் காலையிலேயே வந்தார். தான் கட்டிய மெஷின்களுக்கெல்லாம் பூஜையன்று இலவச சர்வீஸ் செய்வது அவர் வழக்கம். தூசி ஊதினார். சந்தனம், குங்குமம் வைத்தார். "வண்டிக்கு ஆயில் மாத்தற மாதிரி பயாஸையும் புதுசு பண்ணிப்புடலாமுங்க" என்று சொல்லி அதையும் செய்தார். பயாஸ் என்பது போர்டில் இருக்கும் சின்ன புரோகிராம். வந்திருக்கும் பிராசஸர் யார் என்று போர்டுக்கு அடையாளம் சொல்வது அதுதான். கற்பூரம் காட்டி சுவிட்சைப் போட்டார். ஃபேன் சுற்றியது. திரை மட்டும் இருட்டாகவே இருந்தது.

"என்னாச்சுங்கண்ணா?"

அண்ணன் போனில் எதையோ தேடிப் படித்தார். அவர் முகம் செத்துப்போனது. "புது பயாஸ்ல சாம்பிளுங்க பேரையெல்லாம் எடுத்துப்போட்டாங்க சாமி. நம்மாளைப் பாத்து நீ ஆருன்னு கேக்குது போர்டு."

"வேற கம்ப்யூட்டர்ல போட்டா?"

"படம் முடியறதுக்குள்ள பொண்ணுக்கு வளைகாப்பு வந்துருமுங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் பூஜையையும் அவரையும் சேர்த்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். ஆள் எஸ்கேப் என்றே நினைத்தேன்.

மதியம் திரும்பி வந்தார். சட்டைப்பையில் பொரிப் பொட்டலம். அதைப் பிரித்தால் பொரிக்கு நடுவே சுண்டுவிரல் நகமளவு ஒரு சில்லு.

"எங்கூட்டு போர்டும் இதே மாடல்தானுங்க. அதுக்கு இன்னும் பூஜை போடலீங்க. பழைய பயாஸ் இந்தச் சில்லுல அப்படியே இருக்குது. புடுங்கியாந்துட்டேன்."

மாட்டினார். திரை கண் விழித்தது. மறுநாள் மண்டபத்தில் படம் ஓடியது. பெண் வீட்டார் அழுதார்கள், மாப்பிள்ளை வீட்டார் பந்திக்கு எழாமல் பார்த்தார்கள். எனக்குப் போன உயிர் அப்புறம்தான் திரும்பியது.

"உங்க மெஷின் என்னங்கண்ணா ஆவும்?" என்று கேட்டேன்.

"அட, அதுல நான் சீட்டுதானுங்க வெளையாடறேன்."

ஒரு பேங்கையே நடத்தும் அளவுக்குத் திறமையுள்ள சர்வரில், தனியாக உட்கார்ந்து சீட்டு!

அன்றிலிருந்து சாயங்காலமானால் என் ஸ்டுடியோவுக்கு வந்து மூலைக் கம்ப்யூட்டரில் சீட்டு ஆடுவார். ஆடிக்கொண்டே என் எடிட்டிங்குக்குக் குறை சொல்வார். அவர் மெஷின் எப்போதோ சரியாகிவிட்டதாக அவர் மனைவி என்னிடம் சொன்னார். நான் அண்ணனிடம் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. கேட்டுவைத்து, மறுநாள் அவர் வராமல் இருந்துவிட்டால் நான் என்ன செய்வேன்?