முத்திரை வைத்த நாற்காலி

"இன்னையிலேர்ந்து இந்த வீட்டில ஒரு யூனிட் கரண்ட்கூட வீணாகாது!" என்று நான் முழங்கியபோது என் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. என் பேச்சில் உருகிவிட்டாள் என்றே நினைத்தேன்.

நான் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் ரீடிங் எடுப்பவன். இருபது வருஷமாக மாடிப்படி ஏறி இறங்கி என் இடுப்பு கழன்றுவிட்டது. அதனால்தான் தவணையில் ஒரு மசாஜ் நாற்காலி வாங்கினேன். முதுகைப் பிசையும், இடுப்பை உருட்டும், தோளைத் தட்டிக்கொடுக்கும். இந்த வீட்டில் என்னைத் தட்டிக்கொடுப்பது அது ஒன்றுதான். பதினெட்டுத் தவணை. அடைத்தது ஏழு.

"வித்துத் தொலைங்க. கடனாவது அடையும்" என்றாள் மனைவி.

"அதை விக்கிறதும் ஒண்ணு, என்னை விக்கிறதும் ஒண்ணு."

"உங்களை யாரு வாங்குவா?"

"சிக்கனத்தாலயே கடனை அடைச்சுக் காட்டறேன். இந்த மாசம் கரண்ட் செலவு பாதியாகும், பாரு."

"ஆகலைன்னா?"

"நாற்காலி உன் இஷ்டம்."

"எழுதிக் கொடுங்க."

எழுதிக் கொடுத்தேன். அதோடு விடவில்லை. அதே காகிதத்தில், மூணு பேருக்கும் ஒரே ஃபேன், ஒரே விளக்கு, நாற்காலியை யாரும் தொடக்கூடாது, பஸ்ஸுக்குப் பதில் நடை என்று சட்டம் போட்டு ஃபிரிஜ் கதவில் ஒட்டினேன். கடைசி வரி: 'குடும்பத் தலைவர் உட்பட யாருக்கும் விதிவிலக்கு கிடையாது.' கீழே கையெழுத்து, தேதி.

"அப்பா, ஃபிரிஜ்ஜையும் அணைச்சிட்டா அந்தக் காகிதத்தை எங்க ஒட்டுவீங்க?" என்று கேட்டாள் மகள். கல்லூரிக்கு அனுப்பினால் இப்படித்தான்.

சட்டம் மட்டும் போதாது என்பது தொழிலில் கற்ற பாடம். நாற்காலியின் ப்ளக்கை உருவினேன். சுவரில் இருந்த ப்ளக் பாயின்ட்டின் மேல் அட்டையை வைத்து, கம்பியால் கட்டி, மீட்டர்களுக்கு வைப்பது போலவே ஈய முத்திரை வைத்தேன். என் முத்திரையை இதுவரை எவனும் உடைத்ததில்லை.

அப்புறம் ஆரம்பித்தது அவதி. ஒரே ஃபேனுக்குக் கீழே மூணு பேர் வேர்த்து வழிந்தோம். தினமும் நாலு கிலோமீட்டர் நடந்தேன். இடுப்பு கதறியது. கூடத்து மூலையில் அந்த நாற்காலி என்னைப் பார்த்துக் கையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அழுகையே வந்தது.

இவ்வளவுக்கும் மீட்டர் மட்டும் ஏறிக்கொண்டே போனது! காலையில் ஒரு ரீடிங், மாலையில் ஒரு ரீடிங் எடுத்து ஃபிரிஜ்ஜில் ஒட்டிய காகிதத்தில் எழுதினேன். பகலில்தான் குதித்துக் குதித்து ஏறியது. முத்திரையைத் தடவிப் பார்த்தேன். கம்பி அப்படியே இருந்தது.

"பகல்ல என்ன ஓடுது?"

"என் கால்தான் ஓடுது" என்றாள் மனைவி.

"யாரோ நம்ம லைன்ல கொக்கி போடறான். கையும் களவுமா பிடிக்கறேன்."

"பிடிங்க. நான் என்ன வேண்டாங்கறேனா?"

இருபதாம் தேதி, பாதித் தெருவின் ரீடிங்கை அப்படியே விட்டுவிட்டு மத்தியானம் மூணு மணிக்கே வீட்டுக்கு வந்தேன். வாசலில் எட்டு ஜோடிச் செருப்பு. யாருக்கு என்ன ஆயிற்றோ என்று உள்ளே ஓடினேன்.

சுவரோரமாக வரிசையாக ஜனங்கள். கையில் ஆளுக்கொரு சீட்டு. சமையலறையிலிருந்து நீளமாக ஓர் எக்ஸ்டென்ஷன் வயர் நாற்காலி வரைக்கும் வந்திருந்தது. நான் சுவருக்கு முத்திரை வைத்திருந்தேன். நாற்காலிக்கு வைக்கவில்லை.

நாற்காலியில் கண்ணை மூடி அதிர்ந்துகொண்டிருந்தவர் என் மேலதிகாரி.

"யாரு? ரீ...டிங் எ...டுக்கற நே...ரத்தில இங்க எ...ன்ன வே...லை?" என்றார், நாற்காலி குலுக்கக் குலுக்க.

நான் மனைவியை இழுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

"என்ன அக்கிரமம் இது?"

"வித்தா ஒரு தடவைதான் காசு. வாடகைன்னா தினமும் காசு. இந்த மாசத் தவணையும் அடுத்த மாசத் தவணையும் நேத்தே கட்டியாச்சு."

"உனக்கு யாரு உரிமை கொடுத்தது?"

ஃபிரிஜ் கதவைக் காட்டினாள். "பில் பாதியாகலைன்னா நாற்காலி என் இஷ்டம். உங்க ரீடிங்படி போன வாரமே, போன மாசக் கணக்கில பாதியைத் தாண்டிடுச்சு."

"நாற்காலியை ஓட்டினதாலதானே தாண்டிச்சு!"

"ஆமா. அதுக்குத்தானே ஓட்டினேன்."

இடுப்பு விண் விண்ணென்று தெறித்தது. மானத்தை விட்டுக் கேட்டேன்.

"அஞ்சே நிமிஷம். அவர் எழுந்ததும் நான் உட்கார்ந்துக்கறேன்."

"அண்ணனுக்கு மட்டும் விட்டுக் கொடுங்கக்கா, பாவம்" என்று கூடத்து வரிசையிலிருந்தே எதிர்வீட்டுத் தையல்காரம்மா சிபாரிசு செய்தாள்.

மனைவி அந்தக் காகிதத்தின் கடைசி வரியில் விரலை வைத்தாள். குடும்பத் தலைவர் உட்பட. அப்புறம் என் கையில் ஒரு சீட்டைத் திணித்தாள். ஒன்பதாம் நம்பர்.

இருபது நாள் நடந்து மிச்சம் பிடித்த பஸ் காசு, அரைமணி நேர வாடகைக்குச் சரியாக இருந்தது.