கொசுவலைக் கடைக்கு ஐயாயிரம் லிங்க்

வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஜன்னல்களுக்குக் கொசுவலை அடித்துக் கொடுக்கிற செல்வக்குமார், ஒரு செவ்வாய்க்கிழமை காலை இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து நின்று சபதம் போட்டார்.

"இன்னும் ஒரே மாசம்! கூகுள்ல கொசுவலைன்னு தட்டுனா நம்ம கடைதான் மொத ஆளா வந்து நிக்கணும். இல்லாட்டி என் பேரு செல்வக்குமார் இல்ல!"

"பேரை அப்புறம் மாத்திக்கலாம். மொதல்ல சட்னியை ஊத்திக்கங்க" என்றாள் மனைவி சத்யப்ரியா.

சபதத்துக்குக் காரணம் இருந்தது. மழை ஓய்ந்து, மதுரைக் கொசுக்கள் குடும்பம் குடும்பமாக வேலைக்குக் கிளம்பிவிட்ட நேரம். கடை போன் மட்டும் வாய் திறக்கவில்லை. கடைக்கு வலைத்தளம் ஒன்று உண்டு. சத்யப்ரியாதான் அதில் எழுதுவாள், படம் போடுவாள். அதுவோ கூகுளில் ஏழாம் பக்கத்தில், யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் தவம் கிடந்தது. வலை விற்கிறவருடைய வலையில் ஒரு கொசுகூடச் சிக்கவில்லை.

பக்கத்து பிளெக்ஸ் கடைப் பேச்சிமுத்துதான் வைத்தியம் சொன்னார்.

"மாப்ள, அடுத்தவன் சைட்டுல உன் சைட்டுக்கு லிங்க் இருக்கணும். பேக்லிங்க்னு பேரு. நாலு பேரு உன்னையக் கைகாட்டுனாத்தான் கூகுள் உன்னைய ஒரு ஆளா மதிக்கும். மொத்தமாக் கைகாட்டிவிட வாட்ஸப்புல ஆளு இருக்கு. ஐயாயிரம் லிங்க், ஒரே வாரம்!"

செல்வக்குமார் பறந்தடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சொன்னார். சத்யப்ரியா கேட்டுவிட்டு வெங்காயம் உரிப்பதைத் தொடர்ந்தாள்.

"காசு குடுத்துக் கூட்டம் சேர்த்தா அது கூட்டமா? நம்ம வலையை மாட்டிப் பார்த்தவுக, நம்ம எழுதுனதைப் படிச்சவுக, அவுகளாப் பிரியப்பட்டுச் சொல்லணுங்க. அதுதான் நிக்கும்."

"பிரியப்பட எம்புட்டு நாளாகும்?"

"ஆகுறப்ப ஆகும்."

"அதுவரைக்கும் கொசு காத்திருக்குமா?"

அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். சரி, ஆம்பளை முடிவெடுத்தால் அது முடிவு. பொண்டாட்டிக்குத் தெரியாமல் எடுத்தால்தான் அது முழு முடிவு. ஒரே ஒரு சிக்கல். வலைத்தளத்தின் முகவரி அவருக்குத் தெரியாது. இங்கிலீஷ் எழுத்து நாலு சேர்ந்தாற்போல வந்தாலே அவருக்குக் கண்ணைக் கட்டும். அன்று சாயங்காலம் காதைச் சொறிந்துகொண்டு, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்.

"சத்யா, நம்ம சைட் அட்ரஸை எழுதிக் குடு. ஒரு கஸ்டமர் கேட்டாரு."

அவள் ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தாள். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். செல்வக்குமார் வாசலுக்கு வந்து அதைப் படமெடுத்து, லிங்க் வியாபாரிக்குப் பணத்தோடு அனுப்பிவைத்தார்.

அந்த வாரம் ஆரப்பாளையத்தில் ராஜஸ்ரீ டீச்சர் வீட்டில் வேலை. ஒரு ஜன்னலுக்கு வெளியே குருவிக்கூடு, உள்ளே மூன்று குஞ்சுகள். இவர் சத்யப்ரியாவுக்குப் போன் போட்டார்.

"கூட்டை எடுத்துட்டு வலையை அடிச்சிரவா?"

"தொடாதீங்க! அந்த ஜன்னலுக்கு மட்டும் உள்பக்கமா, கழட்டி மாட்டுற மாதிரிப் போடுங்க."

"நான் கொசுவலை மாட்ட வந்தேனா, குருவிக்குப் பிரசவம் பார்க்க வந்தேனா?"

முனகினாரே தவிர, மெஷினால் துளை போட்டால் குஞ்சு மிரளும் என்று திருப்புளியைக் கையாலேயே திருகி, இரண்டு மணி நேரம் சத்தமில்லாமல் வேலையை முடித்தார். அதை எப்படிச் செய்தார் என்று சத்யப்ரியா படத்தோடு வலைத்தளத்தில் எழுதினாள்.

பத்தே நாள். கடை போன் அலற ஆரம்பித்தது. திருமங்கலத்தில் ஒரே தெருவிலிருந்து ஏழு வீட்டுக்காரர்கள் கூப்பிட்டார்கள். செல்வக்குமாருக்கு நடையே மாறிவிட்டது.

"எல்லாம் என் ஏற்பாடு சத்யா. தொழில் ரகசியம்."

"அப்படியா?" என்றாள் அவள், கண்ணை அகல விரித்து.

மறுநாள் வியாபாரியிடமிருந்து லிங்க் பட்டியல் வந்தது. பேச்சிமுத்துவின் கம்ப்யூட்டரில் இருவரும் திறந்து பார்த்தார்கள். வழுக்கையில் முடி வளர்க்கும் தைலம். சீட்டாட்டம். நாய்க்கு வரன் பார்க்கும் இடம். மீதியெல்லாம் ரஷ்ய மொழி.

பேச்சிமுத்துவுக்கு முகம் வெளிறியது. "மாப்ள, என்னைய மன்னிச்சிரு. இது அம்புட்டும் குப்பை. கூகுள் கண்டுபிடிச்சா உன் சைட்டையே தூக்கிக் கடாசிரும்!"

செல்வக்குமார் செருப்பை மறந்து வீட்டுக்கு ஓடினார்.

"சத்யா, கடையைக் கவுத்துட்டேன். நீ பாத்துப் பாத்து எழுதுனதெல்லாம் போச்சு. பிள்ளைக படிப்பு, வாடகை, எல்லாத்துக்கும் அந்தச் சைட்டத்தான் நம்பியிருந்தோம்…"

"ஒக்காருங்க. தண்ணி குடிங்க. ஒண்ணும் ஆகலை. நான் எழுதிக் குடுத்தது கடை அட்ரஸ் இல்ல."

"பின்ன?"

"கல்யாணமான புதுசுல உங்க கவிதைக்குன்னு ஒரு சைட் ஆரம்பிச்சுக் குடுத்தேன்ல? அது."

"அய்யய்யோ, என் கவிதை!"

"இப்பத்தாங்க அதுக்கு ஆளே வருது. பூராம் ரஷ்யாக்காரவுக."

"அப்ப இந்த ஆர்டரெல்லாம்?"

அவள் போனைக் காட்டினாள். ராஜஸ்ரீ டீச்சர் ஊர்ப் பறவைகளைப் பற்றி வலைத்தளம் நடத்துகிறவர். குருவி ஜன்னலைப் பற்றி அவராகவே எழுதி, இவர்கள் பக்கத்துக்கு லிங்க் கொடுத்திருந்தார். அதைப் படித்த ஒரு டாக்டர், தன் தளத்தில் போட்ட காய்ச்சல் எச்சரிக்கைக்கு அடியில், சத்யப்ரியா எழுதிய 'வலையைத் துவைப்பது எப்படி' பக்கத்தைச் சேர்த்திருந்தார். திருமங்கலத்தில் குடியிருப்போர் சங்கமும் அப்படியே. மூன்றே மூன்று லிங்க். யாரிடமும் கேட்டதில்லை.

டீச்சர் எழுதியதன் கடைசி வரியை செல்வக்குமார் இரண்டு முறை படித்தார். 'குஞ்சுகள் பயந்துவிடக் கூடாதென்று கையாலேயே திருகி மாட்டிய அந்த அண்ணனுக்கு நன்றி.' கண் கலங்கிவிட்டது. இந்தப் பொம்பளை மட்டும் இல்லையென்றால் தன் கதி என்ன என்று நினைத்தபோது இன்னும் கலங்கியது.

"உனக்கு நான் நன்றி சொல்லணும் சத்யா. வாயால இல்ல. நம்ம சைட்லயே, ஊரு பாக்க, என் கையால எழுதுறேன்."

"எழுதுங்க" என்று சிரித்தாள்.

வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் கடையின் வலைத்தளத்தைத் தானே திறந்தார். 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்தைத் தட்டினார். அங்கே ஏற்கெனவே எழுதியிருந்தது:

'உரிமையாளர்: சத்யப்ரியா. வலை மாட்டுபவர்: செல்வக்குமார். நல்ல மனிதர், சொன்னால் கேட்டுக்கொள்வார்.'