ஆறரை சாதம்

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை. எனக்குக் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். அஞ்சு லிட்டர் தயிர் வாங்கிட்டு வரணும்.

தங்கச்சி சுமதிக்கு வளைகாப்பு. கரிக்கலாம்பாக்கத்துல, அவ மாமியார் வீட்டுல. பொண்ணு வீட்டுக்காரங்க நாங்க பாகூர்லேருந்து ஏழு வகை கலந்த சாதம் கொண்டுபோகணும். புளி, எலுமிச்சை, தேங்காய், மாங்காய், கருவேப்பிலை, சக்கரைப் பொங்கல், கடைசியா தயிர். அஞ்சு, ஏழு, ஒம்போதுன்னு ஒத்தப்படையாதான் வைக்கணும். ரெட்டப்படை ஆகவே ஆகாது.

ஆறும் வீட்டுலயே ரெடி. தயிர் சாதத்தை மட்டும் முன்னாடியே கலந்தா வெயிலுக்குப் புளிச்சுடும். அதனால வெறும் சாதத்தைக் குழைய வடிச்சு, அண்டாவுல போட்டு, அம்மாவும் அப்பாவும் வேன்ல கிளம்பிட்டாங்க. தயிர் என் பொறுப்பு.

அம்மா வேன்ல ஏறிட்டு மறுபடியும் இறங்கி வந்து சொன்னாங்க. "பால்காரர் வூட்டுல ஒற ஊத்தி வெச்சிருக்காங்க. கேன்ல வாங்கிக்கினு நேரா வா. பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள வளையல் போட்டாவணும். அவ மாமியா விரல் வுட்டு எண்ணுவாங்க. தங்கச்சி மானம் உன் கையிலதான் இருக்குது."

"தயிர்தானேம்மா. இன்னாத்துக்கு இவ்ளோ பில்டப்பு?"

இந்த இடத்துல என் வியாதியைப் பத்திச் சொல்லிடறேன். யாருக்குமே தெரியாத பேண்டுங்களோட பாட்டைத் தேடித் தேடிக் கேக்குற வியாதி. மொட்டை மாடியில ரெக்கார்டு பண்ணியிருக்கணும். நடுவுல நாய் குரைக்கணும். கேட்டவங்க எண்ணிக்கை எங்க தெருவுல இருக்கற வீட்டைவிடக் கம்மியா இருக்கணும். அந்த பேண்டு கொஞ்சம் பேர் வாங்கிட்டா, "முன்ன மாதிரி இல்லப்பா"ன்னு சொல்லிட்டு அடுத்ததைத் தேடப் போயிடுவேன்.

நான் கேட்டா மட்டும் போதாது. அடுத்தவங்க காதுலயும் மாட்டி விடணும். எங்க வீட்டுல எல்லாரும் உஷார் ஆயிட்டாங்க. அதனால ஞாயித்துக்கிழமை ஆனா தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். அவ புருஷன் இளங்கோ ஒருத்தர்தான் எழுந்து ஓடாத ஆளு. கம்பெனியில ஷிப்ட் வேலை, பேச்சு கம்மி. எதைப் போட்டுக் காமிச்சாலும் "நல்லாருக்கு மச்சான்"னு ரெண்டே வார்த்தை. பாவம், மாப்ளைக்கு ரசனை கொஞ்சம் கம்மி, போகப் போக வந்துடும்னு நானும் விடாம உழைச்சுக்கிட்டிருந்தேன்.

சரி, தயிருக்கு வருவோம்.

கேனை ஸ்கூட்டியில கால் வைக்கற இடத்துல நிக்க வச்சு, கரிக்கலாம்பாக்கம் கூட்ரோட்டுக்கு வந்தப்ப மணி ஒம்போதேகால். தங்கச்சி தெரு சோத்துக்கை பக்கம். இன்டிகேட்டர்கூடப் போட்டுட்டேன்.

அப்போ பக்கத்துல ஒரு குட்டி யானை லோடு வண்டி வந்து நின்னுச்சு. உள்ள ஒரு பாட்டு ஓடுது.

கிடாரு கரகரங்குது. பின்னாடி எவனோ குடத்தைத் தட்டுறான். பாடறவன் தொண்டை கிழியக் கத்துறான்.

"ஆறுது ஆறுது கொழம்பு ஆறுது
காத வுடு, காத வுடு மச்சான்!"

எனக்கு மயிர்க்கால் எல்லாம் நின்னுடுச்சு. அவசரமா போனை எடுத்து, எந்தப் பாட்டுன்னு கண்டுபுடிக்கற ஆப்பை நீட்டினேன். அது தேடுது, தேடுது, கடைசியில அப்படி ஒரு பாட்டே இல்லைன்னுடுச்சு.

மத்தவங்களுக்கு அது ஏமாற்றம். எனக்கு அதுதான் அவார்டு. உலகத்துல யாருக்குமே தெரியாத பாட்டு என் பக்கத்துல நிக்குது.

வண்டி நேரா வில்லியனூர் பக்கம் கிளம்பிடுச்சு. நான் சோத்துக்கை பக்கம் போட்ட இன்டிகேட்டரோட நேரா கிளம்பினேன். அடுத்த நிறுத்தத்துல புடிச்சுப் பேர் மட்டும் கேட்டுட்டுத் திரும்பிடலாம்னு கணக்கு.

அந்த ஆள் எங்கயும் நிறுத்தல.

நான் பின்னாடியே போறேன். ஹாரன் அடிச்சா வழி விடறான், நிக்க மாட்டேங்கறான். போற வழியெல்லாம் பாட்டுக்கு அர்த்தம் கண்டுபுடிச்சுக்கிட்டே போனேன். கொழம்புங்கறது உழைக்கறவனோட வாழ்க்கை. அது ஆறிப்போகுது. காதை விடுங்கறது அதிகாரத்தைப் பார்த்துச் சொல்றது. என்னா ஒரு ஆழம்னு எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு.

மங்கலத்துகிட்ட ஒரு வேகத்தடை. பார்க்காம ஏத்தி இறக்கிட்டேன். இறங்கின உடனே ரெண்டு காலும் சில்லுன்னு ஆச்சு. நல்ல பாட்டைக் கேட்டா எனக்கு அப்படித்தான் ஆகும்னு நெனச்சுக்கிட்டேன்.

வில்லியனூர்ல சேர், பாத்திரம் வாடகைக்கு விடற கடை முன்னாடி வண்டி நின்னுச்சு. டிரைவர் எறங்கினதும் ஓடிப்போய் கையைப் புடிச்சுக்கிட்டேன்.

"அண்ணா, அந்தப் பாட்டு யாரோடது?"

அவர் கொஞ்சம் பயந்துட்டார். "எங்களுதுதான் சார். நான்தான் பாடறேன். மூணு பேரு. லீவு நாள்ல பாதி கட்டின வூட்டுல உக்காந்து சும்மா பண்றது. யாருக்கும் தெரியாது."

யாருக்கும் தெரியாது. இந்த வார்த்தையைக் கேக்கத்தானே நான் பொறந்ததே.

"அந்த வரியில இருக்கற அரசியல் இருக்கே…"

"அரசியல்லாம் இன்னா சார். பாட்டு எழுதறவனுக்கு ஒரு மச்சான் இருக்கான். ஞாயித்துக்கெழம ஆனா வந்துடுவான். இவன் கறிக்கொழம்ப ஊத்திக்கினு உக்காந்தா, ஒத்த காதுல ஒயர மாட்டி வுட்டு, இத கேளு அத கேளும்பான். கொழம்பு ஆறிப்பூடும். பொண்டாட்டியோட அண்ணனாச்சே, ஒண்ணும் சொல்ல முடியாது. அதான் பாட்டா எழுதிட்டான்."

நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். "இப்படியும் ஒருத்தன் இருப்பானா? சாப்புடறவனைப் போய் எவனாவது தொந்தரவு பண்ணுவானா? அவனுக்கெல்லாம் யாராவது எடுத்துச் சொல்லணும்ணா."

"சொன்னா புரியாதாம் சார்."

"சரி விடுங்க. உங்க ஸ்டைல்லயே ஒரு பேண்டு இருக்குது. ரெண்டே நிமிஷம், இத கேளுங்க."

சொல்லிக்கிட்டே பாக்கெட்லேருந்து இயர்போனை எடுத்து ஒரு பக்கத்தை அவர் காதுகிட்ட நீட்டினேன்.

அவர் இயர்போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் இயர்போனைப் பார்த்தார்.

"சார், நீங்க பாகூரா?"

"ஆமா."

"இன்னிக்கி கரிக்கலாம்பாக்கத்துல வளைகாப்பா?"

"ஆமா, உங்களுக்கு எப்படி…"

"இளங்கோவுக்குத்தான் சேர் பத்தலன்னு ஏத்திக்கினு போவ வந்தேன்."

நீட்டின இயர்போனைச் சுருட்டிப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டேன். அப்புறம் அவர் மெதுவா என் காலைக் காட்டினார். "சார், செருப்புல இன்னா தயிரா?"

கேன் சாஞ்சு கெடக்குது. மூடியைக் காணோம். அடியில ஒரு கரண்டி தேறும். மீதி மங்கலத்துலேருந்து வில்லியனூர் வரைக்கும் ரோட்டுல கோடு போட்டிருக்குது.

மணி ஒம்போதேமுக்கால். எனக்கு சுமதி மூஞ்சிதான் கண்ணு முன்னாடி வந்துச்சு. முதல் பிள்ளை. புகுந்த வீட்டு சனம் மொத்தமும் உக்காந்திருக்கும். அவங்க முன்னாடி அவ தலை குனிஞ்சா காரணம் நான்தான். நெஜமாவே அழுகை வந்துடுச்சு.

முகூர்த்த நாளாச்சே, கடையில எல்லாம் தயிர் காலி. நாலு கடை ஏறி எறங்கினதுல சின்ன பாக்கெட்டா நாலு கெடச்சுது. ஒரு அண்டா சாதத்துக்கு நாலு பாக்கெட்டு.

பத்து பத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். முன்னாடி சேர் ஏத்தின குட்டி யானை, பின்னாடி தயிர்க் காலோட நான். அம்மா என் காலைப் பார்த்தாங்க, கையில இருந்த பாக்கெட்டைப் பார்த்தாங்க. மாப்ளதான் ஓடிவந்து பாக்கெட்டை வாங்கி, வீட்டுல இருந்த பாலையும் ஊத்தி, கடுகு தாளிச்சுப் போட்டுக் கிண்டினார். வெள்ளை சாதம் வெள்ளை சாதமாவே இருந்துச்சு.

சுமதி மாமியார் வந்தாங்க. ஒவ்வொரு மூடியா தெறந்து எண்ணினாங்க. ஆறு வரைக்கும் வேகமா வந்த விரல் ஏழாவதுல நின்னுச்சு. ஒரு வாய் எடுத்துப் போட்டுப் பார்த்தாங்க.

"இது இன்னா சாதம் சம்மந்தி?"

அம்மா என்னைப் பார்த்தாங்க. சுமதி தலையைக் குனிஞ்சா. எங்கேயாவது குழி கெடச்சா எறங்கிடலாம்னு நான் தரையைப் பார்த்தேன். அங்கயும் என் கால்தான் வெள்ளையாத் தெரிஞ்சுது.

"தயிர் சாதம்தான் அத்தை," நான் சொன்னேன். "தயிர் கொஞ்சம் கம்மி. தப்பு என்னுதுதான். வர வழியில ஒரு பாட்டு கேட்டுட்டேன்."

அந்தம்மா என் காலையும் கேனையும் ஒரு தடவை பார்த்தாங்க. மொத்தக் கதையும் அதுலயே புரிஞ்சிருக்கணும்.

"சரி, ஆறரைன்னு வெச்சுக்கலாம். ஆறரை ரெட்டப்படையில சேராது. ராகு காலம் வரதுக்குள்ள வளையல போடுங்கடி."

முதல்ல சிரிச்சது சுமதிதான். அப்புறம் கூடமே சிரிச்சுது. பத்து இருவத்தஞ்சுக்கு அவ ரெண்டு கையும் வளையலால நெறைஞ்சிருந்துச்சு.

சாப்பாட்டுக்கு அப்புறம் மாப்ள தயங்கித் தயங்கிப் பக்கத்துல வந்தார். டிரைவர் சொல்லிட்டாரு போல.

"மச்சான், அந்தப் பாட்டு… சும்மா வெளையாட்டுக்கு…"

வலிச்சுது. ஆனா பாட்டு நல்லாருந்துச்சே, அதுதான் கடுப்பு.

"பேண்டு வச்சிருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாப்ள."

"சொன்னா எல்லாருக்கும் போட்டுக் காமிப்பீங்க மச்சான். நாலு பேருக்குத் தெரிஞ்சுட்டா, அப்புறம் உங்களுக்கே புடிக்காது."

இத்தனை வருஷத்துல அவர் என்கிட்ட பேசின நீளமான பேச்சு அதுதான். நான் "ரெண்டாவது சரணம் கொஞ்சம் இழுக்குது"ன்னு மட்டும் சொல்லி வச்சேன்.

இப்பவும் ஞாயித்துக்கிழமை தங்கச்சி வீட்டுக்குப் போறேன். கறிக்கொழம்பு சூடாவே உள்ள போகுது, இயர்போன் பாக்கெட்டுலயே கெடக்குது. அவங்களோட அடுத்த பாட்டு போன வாரம் வந்துடுச்சு. பேரு "ஆறரை சாதம்". கரிக்கலாம்பாக்கத்துலேருந்து அரியாங்குப்பம் வரைக்கும் எந்த வளைகாப்பு, எந்தக் காதுகுத்துக்குப் போனாலும் அதான் ஓடுது.

பேர் வாங்கின பேண்டு எனக்குப் பிடிக்காது. ஆனா இந்தப் பாட்டைக் கேக்காம தப்பிக்கத்தான் வழி தெரியல.