எட்டாம் எண் துண்டு

சந்தனம், மல்லிகை, ஊதுவத்தி என்று மூன்று நறுமணங்களை உலகுக்கு அளித்த மைசூரு, நான்காவதாக அளித்திருப்பது எங்கள் ‘ப்ரக்ருதி வைபவ்’ அடுக்ககத்தின் லிஃப்ட் தீர்மானம். தற்பெருமையாகச் சொல்லவில்லை. அதை எழுதிய செயலாளர் என்ற முறையில் அடக்கத்தோடுதான் சொல்கிறேன்.

மார்ச் மாதம் எங்கள் சங்கத் தலைவி வைதேஹி அம்மாள் பார்ட்டி ஹாலில் ‘ரசாயனமற்ற அக்குள்’ என்ற தலைப்பில் நாற்பது நிமிடம் பேசினார். கேட்டவர்கள் கண்கலங்கினார்கள். அன்று மாலையே இருபத்துநாலு வீட்டு சென்ட் டப்பாக்களும் குப்பைக்குப் போயின. அந்த இடத்துக்கு இயற்கை வந்தது: வேப்பெண்ணெய்த் தைலம், ஆரஞ்சுத்தோல் பசை, ‘இமயத்தின் மூச்சு’ என்று பெயரிட்ட ஏதோ ஒன்று.

மூன்றாவது வாரம் லிஃப்டில் ஒரு நாற்றம் குடியேறியது.

அவசரக் கூட்டம் கூட்டினோம். இயற்கைக்கு மாறியவர்கள் நாற வாய்ப்பில்லை என்பது முதல் ஐந்து நிமிடத்திலேயே ஒருமனதாக நிறைவேறியது. அப்படியானால் லிஃப்டில் வேறு யார் வருகிறார்கள்? அஞ்சலை வருகிறாள். தமிழ்நாட்டு எல்லையோரக் கோபிநத்தத்துக்காரி, ஐந்தாவது மாடியில் என் வீடு உட்பட மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவள். மறுநாளே, ‘உடல்நலம் கருதி’ வீட்டு உதவியாளர்கள் படிக்கட்டையே பயன்படுத்த வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டினேன். ‘உடல்நலம்’ என்ற சொல் என்னுடைய பங்களிப்பு.

“ஏனுங்க சார், எம்மேல நாறுதுங்களா?” என்று கேட்டாள் அஞ்சலை.

“சேச்சே. இது எக்ஸர்சைஸ்.”

“முட்டி தேஞ்சுபோச்சு, படி ஏறாதீன்னு டாக்டரு சொல்லிப்போட்டாருங்க. தெனமும் அஞ்சு மாடி ஏறோணும்னா மூணு வூட்டையும் விட்டுப்போட்டுத்தான் போகோணும்.”

“கொஞ்சம் பொறுத்துக்கோ. கமிட்டி யோசிச்சிண்டிருக்கு.”

கமிட்டி யோசித்தது. அஞ்சலை கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். நாற்றம் மட்டும் சொகுசாக லிஃப்டிலேயே போய்வந்துகொண்டிருந்தது. அவள் லிஃப்டில் கால் வைக்காமல் பத்து நாளாகியும் அது குறையவில்லை.

“பழைய நாத்தம்” என்று வைதேஹி அம்மாள் தீர்ப்பளித்தார். “ஊறிப்போயிருக்கு.”

ஆயினும் நாங்கள் கருணையற்றவர்கள் அல்ல. உண்மையிலேயே பலன் தரும் ஓர் இயற்கைப் பூச்சைக் கண்டுபிடித்து, அதை அஞ்சலைக்கு இலவசமாக வழங்குவது என முடிவெடுத்தோம். எது பலன் தரும் என்று சொல்ல நடுநிலையான மூக்கு ஒன்று வேண்டும். இரண்டாவது மாடிக் கன்னடக்காரர் லிங்கப்பனிடம் அது இருந்தது. காபி ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் முப்பது வருஷம் காபியை மோந்து, உறிஞ்சி, துப்பித் தரம் பிரித்து ஓய்வுபெற்றவர்.

“பேரு பேடா, நம்பர் மட்டும் போதும்” என்றார் லிங்கப்பன். “ரிசல்ட் வந்த ஆமேலே யாரும் கோவிச்சுக்கக் கூடாது.”

சனிக்கிழமை காலை உறுப்பினர்கள் ஏழு பேர் அவரவர் இயற்கையைப் பூசிக்கொண்டு அரைமணி நேரம் சூரிய நமஸ்காரம் செய்து, ஏழு துண்டுகளில் துடைத்துக் கொடுத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஆக மோசமான மாதிரி ஒன்றும் வேண்டுமல்லவா? என் யோசனைப்படி, ஐந்து மாடி ஏறி முடித்த அஞ்சலையிடமும் ஒரு துண்டைக் கொடுத்துத் துடைக்கச் சொல்லி, எட்டாம் எண்ணாகச் சேர்த்தோம்.

லிங்கப்பன் கண்ணை மூடி, ஒவ்வொரு துண்டிலும் மூக்கைப் புதைத்தார். இடையிடையே வாய் கொப்பளித்தார்.

“ஒண்ணு. மேலே ஆரஞ்சு, கீழே ஆடு.”

எழுதிக்கொண்டேன்.

“மூணு. மழையில நனைஞ்ச சாக்கு. நம்ம கோடவுனா இருந்தா லாரியோட திருப்பி அனுப்பியிருப்பேன்.”

நாலாவதை மோந்தவர் ஓரடி பின்வாங்கி, காபி பாஷைக்கு மாறினார். “பாடி ஜாஸ்தி. ஃபினிஷ் ரொம்ப நீளம்.”

“நீளம்னா நல்லதுதானே?” என்றார் வைதேஹி அம்மாள். நாலு அவருடையது.

“காபியா இருந்தா.”

எட்டாவதில் வெகுநேரம் நின்றார். திருப்பிப் போட்டு மறுபடி மோந்தார். “இதுல ஒண்ணுமே இல்லை. வெறும் துவைச்ச துணி. அஷ்டே.”

அஞ்சலை அழைக்கப்பட்டாள். என்ன பிராண்ட் என்று விசாரித்தோம்.

“படிகாரமுங்க. தேவராஜ மார்க்கெட்ல வாங்குனது. குளிச்சுப்போட்டு, அந்தக் கல்லை நனைச்சுக் கக்கத்துல தேச்சுக்குவேன். எங்க வூட்டுக்காரரு சவரம் பண்ணிப்போட்டு மூஞ்சீல தேப்பாரு.”

“குளிக்க வேற செய்யணுமா?” என்று மூன்றாம் எண் கவலையோடு கேட்டார்.

படிகாரம் என்ற சொல் எங்கள் சதுர அடி விலைக்குப் பொருந்தாததால், ‘ஸ்படிக சிகிச்சை’ என்று பெயரிட்டு ஏற்றுக்கொண்டோம். இருபத்துநாலு வீட்டுக்கும் கல் வந்தது. நாலே நாளில் லிஃப்டில் நாற்றம் இல்லை. லிங்கப்பன் மூன்று முறை மேலும் கீழும் போய்வந்து சான்றளித்தார்.

“இனி லிஃப்ட்ல வரலாமுங்களா சார்?” என்று அஞ்சலை கேட்டாள். முழங்காலில் துணி சுற்றியிருந்தாள். நியாயமான கேள்வி. ஆகவே அதற்கும் ஒரு கூட்டம் போட்டோம்.

“இதுக்கு எதுக்கு மீட்டிங்?” என்றார் லிங்கப்பன். “நாத்தம் நம்மளோடது. அந்தம்மா துண்டுல ஒண்ணுமே இல்லைன்னு நான்தானே சொன்னேன்.”

“நீங்க மோந்தது துண்டை. அஞ்சலையை இல்லை” என்றார் வைதேஹி அம்மாள். “எழுதிக்கோங்கோ ஆழ்வார் ஸார்.”

எழுதினேன். முதல் பத்தியில், அடுக்ககத்தின் காற்றைக் காத்த திருமதி அஞ்சலைக்குச் சங்கத்தின் நெஞ்சார்ந்த நன்றி. இரண்டாம் பத்தி வருமாறு: ‘நாற்றம் நீங்கியதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, உறுப்பினர்கள் படிகாரம் தேய்ப்பது. மற்றொன்று, அஞ்சலை லிஃப்டில் வராதது. எது என்று திட்டவட்டமாகத் தெரியாத நிலையில், இரண்டையும் தொடர்வதே விஞ்ஞானம்.’

காலையில் அதை லிஃப்ட் அருகே ஒட்டிக்கொண்டிருந்தபோது அஞ்சலை வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. முதல் பத்தியை உரக்க வாசித்துக் காட்டினேன். வெட்கத்தோடு சிரித்தாள்.

“கீழ இன்னும் என்னமோ எழுதியிருக்குதுங்களே?”

“மேலே வா, சொல்றேன்” என்று கூறி, லிஃப்டில் ஏறிக் கதவை மூடிக்கொண்டேன்.