டாங்கி பாய் சுற்றிய வட்டம்

திருத்துறைப்பூண்டிக்கும் கடலுக்கும் நடுவே, விளக்கெண்ணெயை வயிற்றுக்காக இல்லாமல் வானத்துக்காக வாங்கிய மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்திருக்கிறார். அவர் டாங்கி பாய். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்தது. ரேஷன் கடைக்காரரைத் தவிர அதை யாரும் படித்ததில்லை.

நான் அப்போது முத்துப்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன ஊரில் கூட்டுறவு சங்கக் குமாஸ்தா. பாயின் ஜவுளிக் கடைக்கு மேலே மாடி அறையில் குடியிருந்தேன். கோட்டையில் ஆட்சி மாறியிருந்த புதிது. கடைத்தெரு முழுக்கக் கறுப்பு சிவப்புக் கொடி. கடைத்தெரு முடிந்து வயல் தொடங்குகிற இடத்திலிருந்து செங்கொடி. டீக்கடையில் இரண்டு பேர் சேர்ந்தால் போதும், கூலி நெல், குத்தகை, வெளியூர் ஆள் என்று பேச்சு சூடேறிவிடும். பாய் எதிலும் கலந்துகொள்ள மாட்டார். உலகத்தில் அவருக்கு இருந்த ஒரே பிரச்சினை ஒழுகல்.

சிங்கப்பூரிலிருந்து திரும்பியவர்கள் எல்லாம் கைக்கடிகாரமும் சென்ட்டும் கொண்டு வந்தார்கள். பாய் கொண்டு வந்தது, ஊருக்கு மூட்டை கட்டிய ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயிடம் வாங்கிய பொம்மை விமான எஞ்சின். எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கும். வாங்கும்போதே அது கிழம். மண்ணெண்ணெய், ஈதர், விளக்கெண்ணெய் மூன்றையும் கலந்து கொடுத்தால், சைலன்சர் கழன்ற மோட்டார் சைக்கிள் மாதிரி கத்திக்கொண்டு ஓடும். எஞ்சின் ஒரு நாளும் தகராறு செய்ததில்லை. அதற்குப் பின்னால் உட்கார்ந்து எண்ணெய் ஊட்டுகிற தகர டாங்கிதான் பாயின் உயிரை வாங்கியது.

தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய டாங்கி. ஓடுகிற அதிர்வில் பற்றவைத்த ஈயம் விரிசல் விடும். விளக்கெண்ணெய் உள்ளே பிசினாக உறைந்து குழாயை அடைக்கும். அடைப்பை எடுத்தால் மூலையில் துரு. துருவைச் சுரண்டினால் ஓட்டை. பாய் டாங்கிக்குள் ஆற்று மணலைப் போட்டுக் குலுக்குவார், வெந்நீர் விட்டு அலசுவார், தண்ணீர் வாளியில் அமுக்கிக் குழாயில் வாய் வைத்து ஊதுவார். ஒரு குமிழி வந்தால் அன்றைக்குச் சாப்பாடு கிடையாது. புடைவை கேட்டு வந்தவர்களையும் வாளிக்குள் பார்க்கச் சொல்வார். கடையில் ஈதர் வாடை எப்போதும் இருக்கும். அந்த மயக்கத்தில்தான் ஜனங்கள் பேரம் பேசாமல் துணி எடுத்துப் போகிறார்கள் என்று எதிர்க்கடைக்காரர் சொல்லித் திரிந்தார்.

அடுத்த டாங்கிக்குத் தகரம் வேண்டுமே? யார் வீட்டுக்குப் போனாலும் பாயின் கண் அலமாரியில் இருக்கும் பவுடர் டப்பா மேல்தான் இருக்கும். துக்கம் விசாரிக்கப் போன ஒரு வீட்டில், கட்டிலடியில் கிடந்த பிஸ்கட் டின்னைப் பார்த்தபடியே அவர் பெருமூச்சு விட, இறந்தவர் மேல் பாய்க்கு இவ்வளவு பிரியமா என்று அந்தக் குடும்பம் நெகிழ்ந்துபோனது. “கடையில துணி விக்கிறீங்களா தகரம் விக்கிறீங்களான்னு கேக்குறாங்க. நான் என்னத்தச் சொல்ல?” என்று அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், என்னிடம் முறையிடுவார். அந்த அக்காதான் பால் பவுடர் டின் தீருகிற வரைக்கும் காத்திருந்து, கழுவித் துடைத்து, அவர் கண்ணில் படுகிற மாதிரி வைப்பார்.

ஒருமுறை அலசாத டாங்கியில் ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோலை வைத்துவிட்டார். உள்ளே இருந்த ஈதர் ஆவி பிடித்துக்கொண்டது. வெடித்த சத்தத்தில் கடைத்தெருவே கதவைச் சாத்தியது. பண்ணைக்காரர்கள் ஆள் இறக்கிவிட்டார்கள் என்று ஒரு பேச்சு, செங்கொடிச் சங்கத்துக்காரர்கள் வெடி வைத்துவிட்டார்கள் என்று இன்னொரு பேச்சு. தடியோடு ஓடி வந்த ஏட்டையா, புருவம் இரண்டும் கருகி நின்ற பாயிடம் என்ன நடந்தது என்று கேட்டார்.

“டாங்கியச் சுட்டுட்டேங்க.”

இரண்டு வருஷம் முன்பு வடக்கே சண்டை நடந்தபோது, பத்திரிகையில் எல்லாம் டாங்கிப் படை படமாகப் பார்த்திருந்த ஏட்டையா ஓர் அடி பின்வாங்கினார். “யாரு டாங்கிய?” என்றார் மெதுவாக. பாய் நசுங்கிய தகரத்தை நீட்டி, “எங்க வீட்டு டாங்கிங்க. பவுடர் டப்பால செஞ்சது” என்றார். புருவம் முளைக்க இரண்டு மாதம் ஆயிற்று. அதுவரை ஊரில் யாரைப் பார்த்தாலும் பாய் பேந்தப் பேந்த விழிப்பது போலவே இருந்தது.

அந்தத் தையில் சம்பா அறுப்புக்கு நின்றது. கூலியை உயர்த்தாமல் அரிவாளைத் தொடமாட்டோம் என்று சங்கம் சொல்லிவிட்டது. பெரிய பண்ணை வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கப் போவதாகத் தெரிந்தது. களத்துமேட்டில் ஒரு பக்கம் பண்ணைக் காரியஸ்தர் சாமிநாதனும் தடியோடு அவர் ஆட்களும். மறுபக்கம் சங்கத்துத் தலைவர் மாரிமுத்துவும் அறுப்பு ஜனங்களும். போன வருஷம் பக்கத்து ஊரில் இப்படித் தொடங்கியது மண்டை உடைந்து, ஆஸ்பத்திரியிலும் கோர்ட்டிலும் போய் நின்றது. தாசில்தாருக்கு ஆள் போயிருந்தது.

சுற்றுவட்டாரத்தில் சமதரையாகக் காய்ந்து கிடந்த ஒரே இடம் அந்தக் களம். புது டாங்கியைச் சோதிக்க அங்கே வருவதாகப் பாய் முந்தின வாரமே காரியஸ்தரிடம் சொல்லி வைத்திருந்தார். சொன்னபடி கிளம்பிவிட்டார். அந்த எஞ்சினை மாட்டிய பொம்மை விமானத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் நான். கூட்டத்தைப் பார்த்ததும் நான் களத்து ஓரத்திலேயே நின்றுவிட்டேன். திரும்பிவிடலாம் என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“எண்ணெ ஊத்தியாச்சு தம்பி. நின்னா ஈதர் பறந்துடும்” என்றார். அவர் கணக்கில் அது நியாயம்.

நேரே நடுக்களத்துக்குப் போய் இரண்டு பக்கத்தையும் பார்த்து, கம்பி பட்டால் கழுத்தை அறுத்துவிடும், எல்லாரும் தள்ளி வட்டமாக நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். இரண்டு நீளக் கம்பி, ஒரு கைப்பிடி. விமானம் கம்பியில் கட்டுண்டு பறக்கும். பிடித்திருப்பவர் அதோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும். ஜனங்கள் பின்னால் நகர்ந்தார்கள். எதிரெதிராக நின்ற இரண்டு வரிசை, நகர்ந்து நகர்ந்து ஒரே வட்டமாகிவிட்டது. தடிக்காரருக்குப் பக்கத்தில் அரிவாள்காரர். யாரும் அதைக் கவனிக்கவில்லை. எஞ்சின் பிடித்துக்கொண்டு அலற, விமானத்தைப் பிடித்திருந்த நான் கையை விட்டேன்.

பறந்தது. அறுப்புக்கு நின்ற கதிருக்கு மேலே, ஜனங்கள் தலைக்கு மேலே, சுற்றிச் சுற்றி வந்தது. வழக்கமாக டீ ஆறுவதற்குள் எண்ணெய் தீர்ந்து இறங்கிவிடும். அன்றைக்கு இறங்கவில்லை. தகரம் வீணாக வேண்டாம் என்று பாய் பால் பவுடர் டின் முழுவதையும் ஒரே டாங்கியாக்கியிருந்தார். ஒழுகலும் இல்லை, அடைப்பும் இல்லை. பாயின் சுற்று தளர்ந்தது. கால் பின்னியது. கைப்பிடியை விட்டால் விமானம் கூட்டத்துக்குள் பாயும்.

“எண்ணெ தீரலியா பாய்?” என்று நடவு ஆள் அஞ்சலை சத்தம் போட்டுக் கேட்டார்.

“தீரலியேம்மா. யாராச்சும் வந்து புடிங்களேன்.”

கம்பிக்கடியில் குனிந்து முதலில் ஓடியவர் மாரிமுத்து. அதே சமயம் எதிர்ப்பக்கத்திலிருந்து, தொப்பையைப் பிடித்தபடி காரியஸ்தர். ஒருவர் வலது தோளையும் ஒருவர் இடது தோளையும் பிடித்துக்கொள்ள, மூன்று பேரும் சேர்ந்து சுற்றினார்கள். பார்த்துச் சுற்றுய்யா என்று காரியஸ்தர் கடிந்துகொள்வதும், உங்க வேட்டி அவிழுதுங்க என்று மாரிமுத்து எச்சரிப்பதும் எஞ்சின் சத்தத்தை மீறிக் கேட்டது. முதலில் அஞ்சலை சிரித்தார். பிறகு களமே சிரித்தது. தடிகள் எப்போது கீழே கிடந்தன என்று தெரியாது.

ஒருவழியாக எஞ்சின் இருமி நின்றது. விமானம் வைக்கோல் போரில் போய்ப் படுத்தது. மூன்று பேரும் வரப்பில் சரிந்து, தலையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். பாய் கண்ணைத் திறக்காமலே, டாங்கியில் எங்காவது ஈரம் இருக்கிறதா பார் என்றார். தடவிப் பார்த்து, சுத்தமாகக் காய்ந்திருக்கிறது என்றேன். அழுதேவிட்டார்.

அஞ்சலை குடத்தைக் கொண்டு வந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார். காரியஸ்தர் அது சேரிக் குடம் என்று பார்க்கவில்லை. வாங்கி மடக்மடக்கென்று குடித்தார். குடித்து முடித்து, இன்னொரு சொம்பு கேட்டார்.

கலவரத்தை அடக்க ஜீப்பில் வந்த தாசில்தார், இரண்டு தலைவர்களும் ஒரே வரப்பில் வாந்தி வராமல் வாயைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்ததைத்தான் கண்டார். கூலி அன்றைக்கே முடிவாகிவிட்டது என்று எழுதினால் பொய். வாரக்கணக்கில் இழுத்து, கேட்டதில் பாதிதான் கிடைத்தது. ஆனால் லாரி வரவில்லை. அந்த அறுப்பில் யார் மண்டையும் உடையவில்லை.

மறு வருஷம் எனக்குக் குத்தாலத்துக்கு மாற்றல் வந்தது. பஸ் ஏற்றிவிட வந்த பாய், பேச்சு சுவாரசியத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டிக்கெட்டும் எடுத்துவிட்டார். குத்தாலத்தில் வாடகைக்கு வீடு பார்க்கும்போதும் கூடவே நின்றார். வீட்டுக்காரர் என் நெற்றி விபூதியையும் அவர் தொப்பியையும் மாறி மாறிப் பார்த்து, நீங்க இவருக்கு என்ன வேணும் என்று கேட்டார்.

“கூடப் பொறந்த அண்ணன்” என்றார் பாய். நான் திருத்தவில்லை.