பயத்துக்கு ஓடு என்றார் ஊசி அக்கா

முடிச்சூரில் எந்த வீட்டில் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று திருடனுக்குக்கூடத் தெரியாது. ஆனால் எந்த வீட்டில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று ஊசி அக்காவுக்குத் தெரியும். டப்பாவில் இருக்கும் சர்க்கரையைச் சொல்லவில்லை. ரத்தத்தில் இருப்பதை.

அவருடைய நிஜப் பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. ஏதோ ஒரு லேபில் வேலை. காலை ஆறிலிருந்து எட்டு மணிக்குள் வீடு வீடாக வந்து, வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களின் கையைப் பிடித்து ரத்தம் எடுத்துக்கொண்டு போவார். என்னைவிட ஐந்து வயது சின்னவர்தான். ஆனால் கையில் ஊசி வைத்திருப்பவர் எந்த வயதிலும் அக்காதான். இதில் மரியாதையைவிடத் தற்காப்பு அதிகம்.

அந்த ஆறு மணி வேலைக்கு முன்னால் அவர் ஓடுவார். சுடிதார், ஆண்கள் போடுகிற கான்வாஸ் ஷூ, தோளில் ரத்தக் குப்பிகளை வைக்கும் ஐஸ் பெட்டி. பெட்டி எதற்கு என்று கேட்டால், "வெயிட்டு இல்லன்னா பறந்துடுவேன் சார்" என்பார். அவர் ஓடி வருவது தெரிந்தால் டீக்கடை வாசல் காலியாகிவிடும். ஏனென்றால் அவர் மனிதர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ரிசல்ட்டைச் சொல்லித்தான் கூப்பிடுவார்.

"இன்னா இருநூத்தி நாப்பது, வடையா? துன்னுங்க, துன்னுங்க. நாளைக்கு உங்க வூட்டுக்குத்தான் வர்றேன்!"

இருநூற்று நாற்பது என்கிற அந்த ரிடையர்டு தலைமை ஆசிரியர், சுடச்சுட இருந்த வடையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்ததை நானே கண்ணால் கண்டேன்.

எனக்கும் ஒரு பெயர் கிடைத்தது. முதல்முறை என் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து கொடுத்தபோது, "சுகரு, கொழுப்பு, பிரஷரு, எல்லாம் பார்டர்ல கீது சார்" என்றார். அன்றிலிருந்து நான் பார்டர் சார். தெருக்கோடியிலிருந்து "பார்டர் சார், குட்மார்னிங்!" என்று அவர் கத்துவதைக் கேட்டு, பக்கத்து அபார்ட்மென்ட் வாட்ச்மேன் எனக்கு விறைப்பாக சல்யூட் அடிக்க ஆரம்பித்தார். சுதந்திர தினத்தன்று என்னைக் கூப்பிட்டுக் கொடியேற்றச் சொன்னார்கள். எல்லையில் பட்ட கஷ்டங்களைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் நட்டு போல்ட்டு வாங்குகிற பிரிவில் இருபத்தைந்து வருஷமாக நாற்காலியைத் தேய்ப்பவன் நான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, இரண்டு வார்த்தை பேசவும் செய்தேன்.

வெளியே இப்படிச் சல்யூட் வாங்கிக்கொண்டிருந்தாலும், உள்ளுக்குள் நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். காரணம் என் அப்பா. அவர் ஐம்பத்திரண்டு வருஷமும் நூற்று மூன்று நாளும் உயிரோடு இருந்தார். ஒருநாள் காலை ஏழே முக்கால் மணிக்கு ஷேவ் செய்துகொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பாதிக் கன்னத்தில் சோப்பு இருந்தது. மாரடைப்பு. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அந்த நூற்று மூன்றை ஒரு லீவு நாளில் உட்கார்ந்து கூட்டிக் கண்டுபிடித்தேன். கூட்டாமலே இருந்திருக்கலாம்.

எனக்கு ஐம்பத்திரண்டு முடிந்த அன்று, வீட்டில் கேக் வெட்டினார்கள். நான் இன்னும் நூற்று மூன்று நாள் என்று நினைத்துக்கொண்டே ஊதினேன். மறுநாளிலிருந்து நாள்காட்டியில் தினமும் பென்சிலால் ஒரு புள்ளி. மனைவி அதைப் பார்த்துவிட்டு, "ஏங்க, கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வருதுன்னு பாக்கறீங்களா? பரவாயில்லையே, பொறுப்பு வந்துடுச்சு" என்று சந்தோஷப்பட்டாள். நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஓடினால் நெஞ்சுக்கு நல்லது என்று எல்லோரும் சொன்னார்கள். ஷூ வாங்கினேன். நாடித் துடிப்பைக் காட்டும் வாட்ச் வாங்கினேன். ஓட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தேன். அதில் தினமும் சூரிய உதயப் படமும், 'எழு, ஓடு, வெல்' என்ற வாசகமும் வரும். நான் எழுந்திருப்பேன், படத்துக்கு ஒரு கட்டைவிரல் போடுவேன், படுத்துக்கொள்வேன். ஷூ புதுக்கருக்கு அழியாமல் வாசலில் இருந்தது.

"இன்னா சார், ஷூவைக் கொலுவுல வெச்சுக்கீறீங்களா?" என்றார் ஊசி அக்கா, அடுத்த முறை ரத்தம் எடுக்க வந்தபோது.

"மனசு வரமாட்டேங்குதுக்கா. மோட்டிவேஷன் இல்ல."

"அத்த வுடுங்க. உங்க பயம் இன்னா? அத்தச் சொல்லுங்க. ஆசைக்கு ஓடறவன் மழை வந்தா நின்னுடுவான் சார். பயத்துக்கு ஓடறவன் நிக்க மாட்டான்."

"தொப்பை போடுதேன்னுதான்..."

அவர் என் கையைத் திருப்பி நரம்பைத் தட்டிக்கொண்டே சிரித்தார். "தொப்பைக்கு எவனும் பயப்பட மாட்டான். பொய் சொன்னா நரம்பு உள்ள பூந்துக்கும் சார், பாருங்க, கெடைக்க மாட்டேங்குது." இதில் மருத்துவ உண்மை எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்று இரண்டு முறை குத்தினார்.

மறுநாள் ஐந்து மணிக்கு வாசலில் மணி அடித்தது. அக்கா நின்றார். நான் போனேன். போகாவிட்டால் தெருவே எழுந்திருக்கும்படி பார்டர் சார் என்று கத்துவார். முதல் நாள் ரேஷன் கடை வரைக்கும். ஒரு வாரத்தில் ஏரிக்கரை. ஓடினேன் என்று நான் சொல்வதை அங்கிருந்த நாய்கள் ஒப்புக்கொள்ளாது. துரத்துவதற்காக எழுந்தவை, என் வேகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டன.

இருபதாவது நாளோ என்னவோ, மண்ணிவாக்கத்தை நெருங்கும்போது நெஞ்சில் ஏதோ அழுத்தியது. கை குளிர்ந்தது. வாட்ச் கீகீ என்று கத்தியது. அவ்வளவுதான், நூற்று மூன்று நாள்கூடக் கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே சாலையோரம் ஒரு கல்லில் சரிந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து, உதட்டை அசைத்துத் துடிப்பை எண்ணினார். வேர்க்கிறதா, இடது கை வலிக்கிறதா, தாடை வலிக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டினேன். அப்புறம் கேட்டார்.

"காலைல இன்னா துன்னீங்க?"

"ஒண்ணும் இல்ல... ரெண்டு இட்லி."

"சார்."

"ஆறு."

"தொட்டுக்க?"

"நேத்து வெச்ச வடகறி."

"ஏன் சார்?"

"ஓடும்போது மயக்கம் வந்து விழுந்துட்டா..." என்று ஆரம்பித்தவன், பெரிதாக ஒரு ஏப்பம் விட்டேன். நெஞ்சின் அழுத்தம் பாதி இறங்கியது. ஏப்பத்தோடு சேர்ந்து உண்மையும் வந்துவிட்டது. அப்பா, ஐம்பத்திரண்டு, நூற்று மூன்று, ஏழே முக்கால், பாதிக் கன்னத்து சோப்பு, எல்லாவற்றையும் அந்தக் கல்லில் உட்கார்ந்து சொன்னேன். மனைவியிடம்கூட அதுவரை சொன்னதில்லை.

அக்கா கேலி செய்யவில்லை. "இதாவது ஒரு பயம். இத்த வெச்சுக்கினு எவ்ளோ தூரம் வேணா ஓடலாம்" என்றார். பிறகு ஆட்டோ பிடித்து, ஏப்பம்தான் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், என்னை நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். எல்லா டெஸ்ட்டும் எடுத்துப் பார்த்த டாக்டர், "ஹார்ட் நல்லா இருக்கு. தாராளமா ஓடுங்க, இட்லியைக் குறைங்க" என்றார். டாக்டர் சொன்னதை என் மூளை கேட்டுக்கொண்டது. பயம் மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை. புள்ளி வைப்பது நிற்கவில்லை.

ஆனால் ஓட்டமும் நிற்கவில்லை. எழுபதாவது புள்ளியில் வண்டலூரைத் தொட்டுவிட்டேன். அன்று விடிகாலையில் உயிரியல் பூங்காவுக்குள்ளிருந்து சிங்கம் ஒன்று கர்ஜித்தது. அந்த ஐம்பது மீட்டரை நான் ஓடிய வேகத்தில் அதற்கு முன்பும் ஓடியதில்லை, பின்பும் ஓடியதில்லை. "தோ, பயம் வேலை செய்யுது பாருங்க!" என்று பின்னால் அக்கா கத்துவது கேட்டது.

நூற்று மூன்றாவது நாள் வந்தது. ஐந்து மணிக்கு மணி அடித்தபோது நான் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன். அன்று அசையாமல் கிடந்தால் எமன் கவனிக்காமல் போய்விடுவான் என்பது என் திட்டம். அதற்குள் மனைவிக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. அவள் கெஞ்சிப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். ஆறு மணி ஆனது. அக்கா வேலையைத் தொடங்கவேண்டிய நேரம். போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் படுக்கையறை வாசலுக்கே வந்து நின்றார்.

"படுத்துக்கினு இருந்தா வரமாட்டானா சார்? அவன் பாதிப் பேரைத் தூக்கறதே படுத்துக்கினு இருக்கும்போதுதான். ஷூவைப் போடுங்க."

"நீங்க வேலைக்குப் போங்கக்கா."

"நீங்க எழுந்தா நான் போறேன்."

எழுந்தேன். அவர் போகவில்லை. என் மணிக்கட்டிலிருந்து வாட்ச்சைக் கழற்றி ஐஸ் பெட்டிக்குள் போட்டு மூடினார். செல்போனை மனைவியிடம் கொடுக்கச் சொன்னார். ஓடத் தொடங்கினோம்.

மணி தெரியாமல் ஓடுவது எவ்வளவு கொடுமை என்று அன்றுதான் தெரிந்தது. ஸ்கூல் வேன் போனால் ஏழரையோ என்று பயம். கடைக் கதவு திறந்தால் ஏழே முக்காலோ என்று பயம். ஒவ்வொரு மூச்சையும் சந்தேகத்தோடு இழுத்தேன். அக்காவின் செல்போன் மட்டும் விடாமல் அடித்தது. ஓடிக்கொண்டே ஸ்பீக்கரில் பேசினார்.

"ஏம்மா, இன்னும் காபி குடிக்கலம்மா, எங்க இருக்க?"

"தோ வந்துக்கினே கீறேன் சார். தலை சுத்தினா சாப்ட்ருங்க, நாளைக்கு எடுத்துக்கலாம்."

ஒரு அம்மாள் கெஞ்சினார். ஒரு தாத்தா லேபுக்கே புகார் செய்வேன் என்றார். மண்ணிவாக்கத்தைத் தாண்டினோம். என் கால் பின்னியபோதெல்லாம் அக்கா ஏதாவது பேசினார். அப்படித்தான், நான் கேட்காமலே, "எங்க அம்மா நாப்பத்தஞ்சுல பூட்ச்சு சார். சுகரு. எனக்கு இப்போ நாப்பத்தேழு. ரெண்டு வருஷமா போனஸ்ல ஓடிக்கினு கீறேன்" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்தே ஓடினார்.

வண்டலூர் மதில் தெரிந்தபோது மறுபடி போன் அடித்தது. இருநூற்று நாற்பது. தலைமை ஆசிரியர் குரலில் கொதித்தார்.

"உனக்குப் பொறுப்பு இருக்கா? ஆறரைக்கு வரேன்னு சொன்னே. மணி எட்டாகப் போகுதும்மா, எட்டு!"

நான் நின்றுவிட்டேன். மணி எட்டு. என் வாழ்நாளில் அவ்வளவு இனிமையான திட்டு நான் வாங்கியதில்லை. அதுவும் எனக்கு விழுந்த திட்டு இல்லை. மதிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். போவோர் வருவோரெல்லாம் பார்க்க, ஐம்பத்திரண்டு வயது மனிதன் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன்.

"சாரி சார், தோ வந்துட்டேன்" என்று போனை வைத்த அக்கா, என் முதுகில் ஒன்று வைத்தார். "அப்பாவைத் தாண்டிட்டீங்க. ஏந்திரிங்க, எனக்கு வேலை கீது. பேஜார் பண்ணாதீங்க."

இப்போது நான் குரோம்பேட்டைக்குக் குடிமாறிவிட்டேன். இன்னமும் ஓடுகிறேன், இன்னமும் பயந்தபடிதான். அன்றைய தாமதத்துக்காக லேபில் அக்காவிடம் விளக்கம் எழுதி வாங்கிக்கொண்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். காரணம் என்று அவர் எழுதிக் கொடுத்தது 'வண்டி பஞ்சர்'. அதனால் இதை நான் சொல்லியாக வேண்டும். அன்று முடிச்சூரில் வெறும் வயிற்றோடு எட்டரை மணி வரைக்கும் காத்திருந்து, அவரை வாயார வைத பதினோரு வீட்டுக்காரர்களே, அவர் மேல் தப்பில்லை. அவர் என்னோடு இருந்தார்.