பெருமூச்சு ஐயாவும் பத்தாம் நம்பர் ஸ்பானரும்

ஞாயிற்றுக்கிழமை காலை வந்துவிட்டால் போதும், பெட்ரோல் பங்க்குக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில் எள் போட்டால் எள் விழாது. மனிதர்களால் அல்ல, கார்களால். சின்னது, பெரியது, மூக்கு நசுங்கியது, போன மாதம்தான் ஷோரூமிலிருந்து இறங்கியது என்று எல்லாம் வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சொந்தக்காரர், ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிற முகத்தோடு நிற்பார். எல்லோருக்கும் ஒரே வியாதி. டாஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட ஆரஞ்சு விளக்கு எரிகிறது.

விளக்கு என்று நாம் சொல்லிவிட்டோம். அங்கே போய்ச் சொன்னால் அடி விழும். அங்கே அதற்குப் பெயர் 'கண்'. வண்டிக்குள் ஏதோ ஒன்று புகுந்துகொண்டு, முழித்துக்கொண்டு, ஓட்டுகிறவனைக் குறி பார்க்கிறதாம். எஞ்சினில் ஏதோ கோளாறு, போய்ப் பார் என்று சொல்லத்தான் கார் செய்தவன் அந்த விளக்கை வைத்தான். அவனுக்கு என்ன தெரியும், பாவம், அவன் காரை மட்டும்தானே செய்தான்!

இந்த மகத்தான உண்மையை உலகுக்குச் சொன்னவர் பெருமூச்சு ஐயா. தொளதொளவென்று ஒரு நீளக்கை அங்கி. வருவார், பானெட்டில் கன்னத்தை வைப்பார், கண்ணை மூடுவார், பெருமூச்சு விடுவார். ஒரு பெருமூச்சு என்றால் பக்கத்து வீட்டுப் பொறாமை. இரண்டு என்றால் வண்டியின் பழைய சொந்தக்காரருடைய மனக்குறை உள்ளே குந்தியிருக்கிறது. பிறகு கார் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடுவார்கள். ஐயா தனியாக உள்ளே போவார். முணுமுணுப்பு கேட்கும். வெளியே வந்து, "ஸ்டார்ட் பண்ணு" என்பார். கண் மூடியிருக்கும்! கூட்டம் 'ஆ'வென்று வாயைப் பிளக்கும். ஈ போனாலும் தெரியாது.

"வண்டியில ஒரு இடத்தையும் நான் தொடமாட்டேன்," என்பார் ஐயா, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டி. "தொட்டா என் சக்தி போயிடும். எல்லாம் வாக்குதான்."

ஒரு வாரத்தில் கண் மறுபடி திறந்துகொள்ளும். அது ஐயாவின் குற்றமா? உங்கள் நம்பிக்கையில் ஓட்டை. மறுபடி வாருங்கள், காணிக்கையோடு.

மூன்று பெருமூச்சு விட்டால்தான் ஆபத்து. அந்த வண்டி ஓட்டுகிறவனைக் கொண்டுபோகாமல் விடாது. உடனே கைகழுவ வேண்டும். யார் வாங்குவார்கள் இப்படிப்பட்ட எமனை? அதற்காகவே மைதானத்து ஓரத்தில் ஐயாவின் மைத்துனர் தயாராக நிற்பார். பழைய கார் வியாபாரி. ஊருக்காகத் தன் உயிரைப் பணயம் வைத்து, பழைய இரும்பு விலைக்கு வாங்கிக்கொண்டு போவார் அந்தப் புண்ணியவான். இத்தனை எமன்களை ஓட்டிக்கொண்டு போயும் அவருக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை. ஏன் என்று யாரும் கேட்டதுமில்லை.

போன ஞாயிறு அந்த மூன்று பெருமூச்சு ஊசியக்காவின் வீட்டு டாக்சிக்கு விழுந்தது.

ஊசியக்கா ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். டாக்சி ஸ்டாண்டில் பாதிப் பேருக்கு ரத்தம் எடுத்திருப்பதால் அந்தப் பெயர். அவள் புருஷன் பல வருடம் அடுத்தவன் டாக்சியை ஓட்டி, திட்டு வாங்கி, போன வருடம்தான் இதைச் சொந்தமாக்கினான். இப்போது இரண்டு மாதமாக அது சிக்னலில் நின்றால் அப்படியே அணைந்துபோகிறது. காலையில் ஸ்டார்ட் ஆக மக்கர் செய்கிறது. ஆரஞ்சு விளக்கு வேறு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவனை மைதானத்துக்கு இழுத்துப் போனவன் அவனுடைய தம்பி. ஐயாவின் கறுப்புத் துணியை மடித்து வைக்கும் பெரும் பதவி அவனுடையது.

"வர்ற ஞாயித்துக்கிழமை சாவியக் குடுத்துடப் போறேன்," என்றான் புருஷன், சாப்பிட்ட தட்டைப் பார்த்துக்கொண்டே.

"குடுத்துட்டு?"

"பழைய முதலாளிகிட்டயே போய் ஓட்டறேன்."

"அந்த ஆளு உங்கள நாய் மாதிரி நடத்தினாருன்னு ராத்திரியெல்லாம் புலம்பினது யாருங்க?"

"உயிர் முக்கியமில்லியா?"

"அண்ணி, ஐயா வாக்கு தப்பாது," என்றான் கொழுந்தன். "சிக்னல்ல நின்னா மூச்சு நின்னுடுது பாருங்க, அது ஒத்திகையாம். நாளைக்கு அண்ணனுக்கு..."

"வாயக் கழுவுடா!"

அவளுக்கு அழுகை வந்தது. கோபம் அதைவிடப் பெரிதாக வந்தது. சொந்த வண்டி வந்த பிறகுதான் இந்த மனுஷன் நிமிர்ந்து நடக்க ஆரம்பித்தான். அதை ஒருவன் கன்னத்தை வைத்துப் பறித்துக்கொண்டு போவதா?

டாஷ்போர்டுப் பெட்டிக்குள் கார் கம்பெனி கொடுத்த புத்தகம் இருந்தது. உறைகூடப் பிரிக்கவில்லை. ஊசியக்கா பிரித்தாள். கோளாறு என்ன என்று கேட்டுச் சொல்லும் ஸ்கேனரைச் செருக, ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கிற இடத்தில், ஒரு பிளக் துளை இருப்பதாக அதில் போட்டிருந்தது. தீப்பெட்டி அளவு சாமான் அது. கடையில் கிடைத்தது. செருகி, போனில் பார்த்தாள். கேம்ஷாஃப்ட் சென்சார் சரியில்லை என்று வந்தது. எந்த வால்வு எப்போது திறக்கிறது என்று எஞ்சினின் மூளைக்குச் சேதி சொல்கிற சின்னச் சாமான். சேதி வராவிட்டால் மூளை குழம்புகிறது, வண்டி நிற்கிறது. பேயுமில்லை, பிசாசுமில்லை.

போனில் அந்தச் சேதிக்குக் கீழே 'அழி' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அமுக்கி வண்டியை ஸ்டார்ட் செய்தாள். ஆரஞ்சு விளக்கு காணாமல் போனது. சாயங்காலம் புருஷன் ஒரு சுற்றுப் போய் வந்ததும் மறுபடி எரிந்தது.

அட, இவ்வளவுதானா! அதற்குத்தானா அந்தக் கறுப்புத் துணி!

சனிக்கிழமை மத்தியானம், குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில், எஞ்சின் நன்றாக ஆறின பிறகு, பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்கினாள். புருஷன் தூணுக்குப் பின்னால் நின்றான்.

"தொடாதடி! ஏதாவது ஆயிடப் போகுது!"

"அந்த டார்ச்ச மட்டும் பிடிங்க. அது உங்கள கடிக்காது."

சென்சார் எஞ்சினின் தலைமாட்டில், கட்டைவிரல் அளவில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தது. வயர் பிளக்கின் கொக்கியை அமுக்கி இழுத்தாள், வந்தது. பத்தாம் நம்பர் ஸ்பானரால் ஒரே ஒரு போல்ட்டைத் திருகினாள், அதுவும் வந்தது. சென்சார் மட்டும் வரவில்லை. ரப்பர் வளையம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. இடதும் வலதுமாக அசைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்ததில் அது பிடுங்கிக்கொண்டு வந்தது, போல்ட் கை தவறி எஞ்சினுக்கு அடியில் விழுந்தது.

"பாத்தியா! அது விடமாட்டேங்குது!" என்று அலறினான் புருஷன்.

"எது? பூமியோட ஈர்ப்பு விசையா?"

அடியில் கையை விட்டுத் துழாவி எடுத்தாள், முழங்கையில் சிராய்ப்போடு. பழைய சென்சாரின் உடம்பில் ஒரு விரிசல், உள்ளேயெல்லாம் எண்ணெய்க் கசிவு. கடையில் வாங்கி வந்த புது சென்சாரின் ரப்பர் வளையத்தில் ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் தடவி, நேராகச் செருகி, போல்ட்டை அளவாக முறுக்கி, பிளக்கை 'டிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தினாள். பேட்டரி வயரை மாட்டினாள். சாவியைத் திருகியதும் வண்டி அம்சமாகப் பிடித்துக்கொண்டது. நின்ற இடத்திலேயே வெகுநேரம் ஓடவிட்டாள். ஒரு இருமல்கூட இல்லை.

புருஷன் தூணை விட்டு வந்தான். முகம் மலர்ந்தது. கையெடுத்துக் கும்பிட்டான்.

"பாத்தியா, ஐயா போன வாரம் விட்ட மூச்சு இப்பத்தான் வேலை செய்யுது!"

ஸ்பானரை அவன் தலையில் போடாமல் இருந்தாளே, அந்தப் பொறுமைக்கே அவளுக்குச் சிலை வைக்கலாம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால்கூடப் பரவாயில்லை. இங்கே பெண்டாட்டி மரமேறிப் பறித்துப் போடுகிறாள், புண்ணியம் காக்கைக்குப் போகிறது!

"சரியாயிடுச்சுன்னா, வண்டியக் குடுக்க வேணாம்ல?"

"அது எப்படி? கண்ணு இன்னும் எரியுதே. நாளைக்கு அவரே பாத்துச் சொல்லட்டும்."

கண் எரியத்தான் செய்யும். பேட்டரி வயரைக் கழற்றினாலும் அழியாமல், பழைய கோளாறு இன்னும் மூளையின் ஞாபகத்தில் இருக்கிறது. அந்தப் பொத்தானை இன்னொரு தடவை அமுக்கினால் போய்விடும். அவள் அமுக்கவில்லை. இவனுக்கு விளக்கம் சொல்லிப் பயனில்லை, கண்ணால் பார்த்தால்தான் உண்டு. பரிசோதனைக்கூடத்துக்குப் போய் ஒரு சின்னக் குப்பியோடு திரும்பினாள். கிருமிகளைப் பார்க்கக் கண்ணாடிச் சில்லில் விடுகிற ஊதாச் சாயம். தோலில் பட்டால் நாள்கணக்கில் போகாது. அதை வாஸ்லினில் குழைத்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் அந்தப் பிளக் துளையின் விளிம்பில் மட்டும், விரலுக்கு உறை போட்டுக்கொண்டு, தாராளமாகத் தடவினாள்.

ஞாயிறு. மைதானம். மைத்துனர் சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லை. ஊசியக்கா முன்னால் வந்து கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஐயா, எங்களுக்குச் சோறு போட்ட வண்டி. போகும்போதாவது கண்ண மூடிட்டுப் போகட்டும். ஒரே ஒரு தடவ."

கூட்டம் உச்சுக்கொட்டியது. ஒரு பெரியவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். இத்தனை உச்சுக்கு நடுவில் ஐயாவால் மறுக்க முடியுமா? மைத்துனர் பையிலிருந்து சாவி வந்தது. கொழுந்தன் பயபக்தியோடு துணியைப் போர்த்தினான். ஐயா உள்ளே போனார். வழக்கமான முணுமுணுப்பு கேட்டது. வெளியே வந்தார். முகத்தில் வேர்வை. துடைத்துக்கொண்டார்.

"ஸ்டார்ட் பண்ணு."

கண் மூடியிருந்தது. கூட்டம் 'ஆ' என்று ஆரம்பித்தது. ஆரம்பித்த 'ஆ' பாதியில் நின்றது. ஐயாவின் வலது கை விரல்கள் ஊதா. நெற்றி ஊதா. பானெட்டுப் பானெட்டாக வைத்த அந்தப் புனிதக் கன்னம், கத்தரிக்காய் மாதிரி பளபளவென்று ஊதா.

"ஐயா, வண்டியில எதத் தொட்டீங்க?" என்று கேட்டாள் ஊசியக்கா.

"எதையும் தொடமாட்டேன்! ஊருக்கே தெரியும்!"

"அப்ப இது என்ன நிறம்?"

ஐயா கையைப் பார்த்தார். திருடனுக்குத் தேள் கொட்டிவிட்டது. கத்தவும் முடியாது.

"இது... இது உள்ள இருந்ததோட ரத்தம்! வெளிய வந்திருக்கு!"

கூட்டத்தில் நாலு பேர் அதற்கும் கும்பிட்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, அவர்கள் பக்தி அப்படி.

"ரத்தமா?" சிரித்தாள் அவள். "தினம் ரத்தத்தோட குடும்பம் நடத்துறவகிட்ட சொல்றீங்க. இது எங்க லேப் சாயம். நான் ஒரே ஒரு இடத்துலதான் தடவினேன். வந்து பாருங்க எல்லாரும்."

துணியை உருவி எறிந்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே டார்ச் அடித்தாள். பிளக் துளையின் விளிம்பில் ஊதா. அதில் விரல் இழுத்த தடம். ஐயா மெல்லக் கையை அங்கிக்குள் இழுத்தார். பக்கத்தில் நின்றிருந்த கொழுந்தன்தான், யாரும் சொல்லாமலே, அந்த அங்கிக் கையைப் பிடித்து உதறினான். தீப்பெட்டி அளவில் ஒன்று மண்ணில் விழுந்தது. அதுவும் ஊதா. ஊசியக்கா தன் பையிலிருந்து தன்னுடையதை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். ஒரே கம்பெனி!

"கடையில விக்கிற சாமானுங்க. செருகி, போன்ல ஒரு பொத்தான அமுக்கினா விளக்கு அணையும். கோளாறு அப்படியேதான் இருக்கும். அதனாலதான் அடுத்த வாரம் மறுபடி எரியுது, நீங்க மறுபடி வர்றீங்க." பழைய சென்சாரைத் தூக்கிக் காட்டினாள். "எங்க வண்டியக் கெடுத்தது இந்தத் துண்டு. நேத்தே மாத்திட்டேன். மூச்சு நின்னுடும்னாரே, அது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கு, கேளுங்க."

எல்லோரும் கேட்டார்கள். நின்ற இடத்திலேயே வண்டி சீராக ஓடிக்கொண்டிருந்தது.

கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "எங்கண்ணன் வண்டிக்கும் மூணு மூச்சு விட்டியேய்யா! பக்கத்து டவுன்ல அது இன்னும் டாக்சியா ஓடுது, நானே பாத்தேன்!" பார்த்தவர் அன்றைக்கே யோசித்திருக்கலாம். சரி, இன்றைக்காவது யோசித்தாரே.

மைத்துனர் நைசாக டிரைவர் சீட்டில் ஏறி உட்காரப் பார்த்தார். ஊசியக்காவின் புருஷன் குறுக்கே போய்க் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"எறங்குடா."

"மூணு மூச்சு வண்டிப்பா... உன் உயிருக்குத்தான்..."

"என் உயிர நான் பாத்துக்கறேன். எறங்கு."

இறங்கினார். ஐயாவும் அவரும் அன்றைக்குக் கால்நடையாகத்தான் போக வேண்டியிருந்தது. கூட்டம் அவர்களுடைய காரின் நாலு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டது. மந்திரத்தால் ஊதிக்கொள்ளட்டுமே!

புருஷன் அவள் சிராய்த்த முழங்கையைப் பிடித்துப் பார்த்தான். "வலிக்குதா? என்னை மன்னிச்சுடு," என்றான். அவளுக்கு அப்போதுதான் கண் கலங்கியது.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் கொழுந்தன் கீழே கிடந்த கறுப்புத் துணியை எடுத்துத் தூசி தட்டி, ஒழுங்காக மடித்து, பக்தியோடு அவளிடம் நீட்டினான். அவனுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் ஏற்கெனவே வரிசையில் நின்றார்கள்.

"அண்ணி, இனிமே நீங்கதான். இவங்க வண்டிக்கெல்லாம் ஒரு பெருமூச்சு விட்டுடுங்களேன்!"

ஊசியக்கா விட்டாள். நிஜமாகவே ஒரு பெருமூச்சு. பிறகு துணியை வாங்கித் தரையில் போட்டு, அதன்மேல் பத்தாம் நம்பர் ஸ்பானரை வைத்தாள்.

"மூச்சு விட்டாச்சு. அது உங்க வண்டிக்கில்ல, உங்களுக்கு. வண்டியில விளக்கு எரிஞ்சா பத்து ஊர் தாண்டி ஓடி வர்றீங்க. உங்க தலைக்குள்ள இருக்கிற விளக்கு அணைஞ்சு எத்தன வருஷமாச்சு? அதுக்குப் பயப்படுங்கடா முதல்ல! ஸ்பானர் இருக்கு. பானெட்டத் தொறங்க."